கட்டைவிரலுக்கு ஏற்ற வண்டி

துபாயிலிருந்து ஹத்தா போகும் சாலையில் ‘பிக் ரெட்’ மணல்மேட்டைத் தாண்டுகிறவர்கள், ஓரத்தில் வாடகைக்கு வரிசையாக நிற்கும் குவாட் பைக்குகளைப் பார்த்திருப்பார்கள். சார்ஜாவின் அல் பதாயர் பகுதி அது. அந்த வண்டிகள் இரவில் வந்து அடையும் ஷெட்டுகளில் ஒன்றில்தான் எனக்கு வேலை. அக்டோபரில் வெயில் தணிந்ததும் தொடங்கும் சீசன் ஏப்ரல் வரை ஓடும். வாடகை வண்டிகளைப் பழுது பார்ப்பது பாதி வேலை. சொந்தமாக வண்டி வாங்கிப் பழக நினைப்பவர்களுக்கு நல்லதாகத் தேடிக் கொடுத்து, அவர்கள் உடம்புக்கும் இந்த மணலுக்கும் தோதாக மாற்றித் தருவது மீதிப் பாதி. மூளைக்கு வேலை இந்த இரண்டாவதில்தான்.

வருகிறவர் யாராக இருந்தாலும் முதல் கேள்வி எத்தனை சி.சி. என்பது. அடுத்தது, டாப் எவ்வளவு போகும். ஆக்சிலேட்டரை விட்டால் வண்டி என்ன செய்யும் என்று யாரும் கேட்பதில்லை. புதிதாக ஓட்டுகிறவர் பயந்தால் முதலில் செய்வது கட்டைவிரலைத் தூக்குவதுதான். குவாட் பைக்கில் ஆக்சிலேட்டர் கைப்பிடியைத் திருகுவதல்ல, வலது கட்டைவிரலால் அமுக்கும் ஒரு சின்ன லீவர். அந்த விரல் தூக்கிய நொடியில் வண்டி எப்படி நடந்துகொள்கிறது என்பதை வைத்துத்தான் ஒருவருக்கு எது பொருந்தும், அதில் எதைத் தொடலாம், எதைத் தொடக்கூடாது என்று நான் கணக்குப் போடுகிறேன்.

முன்னும் பின்னும் சாமான் வைக்கக் கம்பித்தட்டு, நான்கு சக்கர இழுவை என்று வருபவை பண்ணை வேலைக்கான வண்டிகள். அவற்றில் பெரும்பாலானவை ஆட்டோமேட்டிக். ஸ்போர்ட் வகை வேறு சாதி. தாழ்வான உடம்பு, நீளமாக ஏறி இறங்கும் சஸ்பென்ஷன், பின்சக்கர இழுவை, காலால் மாற்றும் கியர். இங்கே மணலில் அதிகம் கண்ணில் படும் யமஹா ராப்டர் 700 அப்படிப்பட்டது: 686 சி.சி., ஐந்து கியர், ஒரு ரிவர்ஸ். ஆட்டோமேட்டிக் ஸ்போர்ட் என்று தேடப் போனால் கடை சின்னதாகிவிடும். பிள்ளைகளுக்கான 70, 90, 110 சி.சி. வண்டிகள் ஒரு கோடியில். போலாரிஸ் ஸ்கிராம்ப்ளர் 850 போன்ற கனத்த நான்கு சக்கர இழுவை மிருகங்கள் மறு கோடியில். நடுவில் கேன்-ஆம் டிஎஸ் 250, கிம்கோ மேக்ஸர் 300 மாதிரி விரல்விட்டு எண்ணக்கூடிய சில. அவையும் இங்கே பெரும்பாலும் பழைய வண்டிகளாகத்தான் கைக்கு வரும்.

இந்த நடுத்தர வண்டிகளின் வயிற்றுக்குள் இருப்பது நமக்குப் புதிதல்ல. ஊரில் நான் கைனடிக் ஹோண்டாவும் பிறகு ஆக்டிவாவும் பிரித்துப் பழகியவன். இங்கே வந்து முதல்முறை ஒரு டிஎஸ் 250-யின் பக்கவாட்டு மூடியைக் கழற்றியபோது உள்ளே அதே குடும்பம் உட்கார்ந்திருந்தது. முன்னால் எஞ்சின் தண்டில் ஒரு புல்லி, பின்னால் ஒரு புல்லி, நடுவே பட்டையான பெல்ட். முன்புல்லிக்குள் உருண்டையான ரோலர் வெயிட்டுகள். எஞ்சின் வேகம் ஏற ஏற ரோலர்கள் வெளிப்பக்கம் விலகிப் புல்லித் தட்டை நெருக்கும், பெல்ட் மேலே ஏறும். பின்புல்லியில் அது ஸ்பிரிங்கை அமுக்கிக்கொண்டு உள்ளே இறங்கும். கியர் ஏறுவது என்றால் இதுதான். பின்புல்லியோடு சேர்ந்த கிளட்ச் ஷூக்கள் ஆர்.பி.எம். ஏறினால் விரிந்து டிரம்மைப் பிடிக்கும், இறங்கினால் சுருங்கி விட்டுவிடும்.

‘விட்டுவிடும்’ என்ற இடத்தில்தான் வம்பு. மணல்மேட்டின் ஒரு பக்கம் காற்று ஏறி வரும் சாய்வு. மறுபக்கம் மணல் கொட்டிச் சரிந்த இறக்கம். உலர்ந்த மணல் ஏறக்குறைய 34 பாகைச் சரிவு வரைதான் நிற்கும், அதற்கு மேல் சரியும். அந்த இறக்கத்தில் கியர் வண்டி என்றால் இரண்டாவது கியரில் போட்டு விரலை எடுத்தாலும் எஞ்சினே இழுத்துப் பிடித்து இறக்கும். ஸ்கூட்டர் வகைக் கிளட்ச் உள்ள சின்ன ஆட்டோமேட்டிக்கில் விரலைத் தூக்கியதும் ஆர்.பி.எம். விழும், ஷூக்கள் சுருங்கும், வண்டி நியூட்ரலில் விட்டது போல ஓட ஆரம்பிக்கும். பயந்தவர் கைக்கு முதலில் அகப்படுவது முன் பிரேக். முன்சக்கரம் மணலில் குத்தி நிற்க, பின்பக்கம் எழும்பும். ஆட்டோமேட்டிக் என்றால் பாதுகாப்பு என்று நம்பி வருகிறவர்களிடம் இதைச் சொல்லும்போது முகம் மாறுவதைப் பார்க்கிறேன். கியரும் கிளட்சும் இல்லாததால் இடது காலுக்கும் இடது கைக்கும் வேலை குறைகிறது, அது உண்மை. ஆனால் தப்பிக்கும் வழிகளில் ஒன்றும் அதோடு போய்விடுகிறது. இறக்கத்தில் விரலை முழுக்கத் தூக்காமல் ஷூக்கள் டிரம்மை விடாத அளவுக்கு ஒரு துளி அமுக்கி வைத்து, உடம்பைப் பின்னுக்குத் தள்ளி, பின் பிரேக்கில் இறங்க வேண்டும். ஓட்டுகிறவருக்குச் சொல்லித் தரவேண்டிய முதல் பாடம் அது. வண்டியில் செய்யும் வேலையும் அந்தப் பாடத்துக்கு ஒத்தாசையாக இருக்க வேண்டும்.

போன சீசனின் தொடக்கத்தில் கீழக்கரைக்காரர் ஒருவர் வந்தார். அவரே ராப்டர் 700 ஓட்டுகிறவர். மகளுக்குப் பதினைந்து வயது. வாடகை வண்டியில் சுற்றியிருக்கிறாள், சொந்தமாக ஒன்று வேண்டுமாம்.

“அண்ணே, என் வண்டியிலேயே பழகட்டுமே. லிமிட்டர் ஸ்க்ரூவை இறுக்கிவிட்டாப் போதாதா?”

“பாய், ஸ்க்ரூ வேகத்தைத்தான் குறைக்கும். வெயிட்டைக் குறைக்குமா? புள்ள மேல அது புரண்டா யார் தூக்குறது?”

ஆக்சிலேட்டர் லீவரின் கூட்டில் பூட்டு நட்டோடு ஒரு ஸ்க்ரூ இருக்கும். உள்ளே திருகத் திருக லீவர் போகும் தூரம் குறையும். சமதரையில் பழகும் முதல் சில நாட்களுக்கு அது நல்ல ஏற்பாடு. சின்ன வண்டிகளில் அது கட்டாயம் என்று சொல்லலாம். ஆனால் பெரிய ஆள் ஓட்டும் வண்டியைப் பிள்ளை வண்டி ஆக்குகிற மந்திரம் அதில் கிடையாது.

மட்கார்டில் ஒட்டியிருக்கும் எச்சரிக்கை ஸ்டிக்கரில் வயது போட்டிருப்பதை வாங்குகிறவர்கள் அலங்காரமாக நினைக்கிறார்கள். அதற்குப் பின்னால் அமெரிக்காவில் நடந்த ஒரு நீண்ட வழக்கு இருக்கிறது. 1970-இல் ஹோண்டா மூன்று சக்கர வண்டியை அங்கே இறக்கியது. திருப்பத்தில் கவிழ்ந்து அதில் செத்தவர்களிலும் ஊனமானவர்களிலும் பிள்ளைகள் நிறைய. 1988-இல் கம்பெனிகள் அரசோடு நீதிமன்றத்தில் உடன்பட்டு மூன்று சக்கரத்தை நிறுத்தின, 90 சி.சி.க்கு மேற்பட்டதைப் பதினாறு வயதுக்குக் குறைந்தவர்களுக்கென விற்பதில்லை என்றும் ஒப்புக்கொண்டன. பிறகு சி.சி.யை விட்டுவிட்டு வேகத்தை வைத்துப் பிரித்தார்கள். 2008-இல் வந்த சட்டத்தால் அந்தத் தரம் அங்கே கட்டாயமானது. பதினாலு வயதுக்கு மேல் என்று வரும் வகைக்கு உச்சவேகம் மணிக்கு 38 மைல், ஏறக்குறைய 61 கிலோமீட்டர். டிஎஸ் 250 அந்த வகை. இங்கே நம்மைத் தடுக்க ஆள் இருக்கிறாரோ இல்லையோ, ஸ்டிக்கரை நான் மதிக்கிறேன்.

ஹோண்டா டிஆர்எக்ஸ் 250எக்ஸ் என் மனதுக்குப் பிடித்த வண்டி. காலால் கியர் மாற்ற வேண்டும். கிளட்சைப் பிடித்தும் ஓட்டலாம், பிடிக்காமலும் ஓட்டலாம். செயின் இல்லை, ஷாஃப்ட் என்பதால் மணல் தின்னும் பாகம் ஒன்று குறைவு. பழகுகிறவருக்கு அதைவிட நல்ல வாத்தியார் கிடையாது. ஆனால் அதன் ஸ்டிக்கர் பதினாறு சொல்கிறது. 90 சி.சி.யில் அந்தப் பெண்ணை உட்காரவைத்துப் பார்த்தோம், முழங்கால் ஹேண்டில்பாரை இடித்தது. ஆக, பழைய டிஎஸ் 250.

உடம்புப் பொருத்தம் பார்க்க ஷெட்டில் சமதரை போதும், ஓட்ட வேண்டியதில்லை. கால்மிதியில் எழுந்து நிற்கச் சொன்னேன். சீட்டுக்கும் உடம்புக்கும் நடுவே மூன்று அங்குலமாவது இடைவெளி வேண்டும், குதிக்கும்போது சீட் வந்து முதுகில் அறையாமலிருக்க. உட்கார்ந்தால் தொடை ஏறக்குறைய தரைக்குக் கிடையாக இருக்க வேண்டும். பிறகு கை. விரல்களை நேராக நீட்டி பிரேக் லீவர் மேல் வைத்தால் நடுவிரலின் முதல் கணு லீவரைத் தாண்ட வேண்டும். தாண்டியது. ஹேண்டிலை ஒரு பக்கம் முழுக்க ஒடித்தால் வலது கட்டைவிரல் லீவரை எட்டுகிறதா? இடது ஒடிப்பில் எட்டவில்லை. ஆக்சிலேட்டர் கூட்டின் கிளாம்பைத் தளர்த்திக் கொஞ்சம் கீழே சாய்த்து, ஹேண்டில்பாரையும் ஒரு கோடு அவள் பக்கம் திருப்பினோம். செலவில்லாத வேலை. எட்டாத விரல் திருப்பத்தில் லீவரை எக்கி அமுக்கும், எக்கும் விரலுக்கு அளவு தெரியாது.

முதலில் போட்ட பாகம் இழுப்புக் கயிறு. மணிக்கட்டில் ஒரு முனை, ஹேண்டிலில் உள்ள சுவிட்சில் மறுமுனை. ஆள் விழுந்தால் கயிறு பிடுங்கி எஞ்சின் ஆஃப். அடுத்தது இருபக்கமும் முன்சக்கரத்துக்கும் பின்சக்கரத்துக்கும் நடுவே நெர்ஃப் பார், அதோடு கால் நழுவாமல் தாங்கும் வலை. கால்மிதியிலிருந்து காலைத் தரையில் ஊன்றினால், பின்சக்கரம் அந்தக் கால்மேல் ஏறி ஆளைக் கீழே இழுக்கும். சைக்கிள், ஸ்கூட்டர் ஓட்டிய எல்லோருக்கும் சாயும்போது கால் தானாகத் தரைக்குப் போகும் பழக்கம் உண்டு. பேச்சால் மாற்ற முடியாது, வலைதான் மாற்றும். உயரமான கொடிக்கம்பமும் அன்றே போட்டோம். மேட்டின் அந்தப் பக்கத்திலிருந்து ஏறி வருகிற லேண்ட் குரூசருக்கு நம் வண்டி தெரியாது, கொடி தெரியும்.

டயர் விஷயத்தில் அவள் வாப்பாவுக்கும் எனக்கும் ஒரு சின்ன வாக்குவாதம். பின்னால் பேடில் டயர் வேண்டும் என்றார். துடுப்பு மாதிரிக் குறுக்குப் பட்டைகள் நிற்கும் டயர் அது. மணலைக் கவ்வி வாரித் தள்ளும். அனுபவம் உள்ளவர் கையில் சுகம். புதியவர் விரலைக் கொஞ்சம் கூட அமுக்கினால் பிடிப்பு அப்படியே முன்பக்கத்தைத் தூக்கும். பெல்ட்டுக்கும் அது கூடுதல் சுமை. முள் டயரே இருக்கட்டும், காற்றைக் குறைப்போம் என்றேன். கார் டயருக்கு முப்பது பி.எஸ்.ஐ. வாக்கில் அடிக்கிறோம், இங்கே நான்கு ஐந்துதான். பெட்ரோல் பங்கு மீட்டரில் அந்த எண் ஒழுங்காகவே தெரியாது. இதற்கென்று குறைந்த அழுத்த மீட்டர் ஒன்று ஷெட்டில் தனியாக உண்டு. மூன்றுக்குக் கீழே இறக்கினால் திருப்பத்தில் டயர் ரிம்மை விட்டுக் கழன்றுவிடலாம். அதனால் அதற்கு முன்பே நிறுத்திக்கொள்வேன்.

வண்டியை அவள் ஓட்டிப் பார்த்துவிட்டு வந்ததும் மூடியைக் கழற்றினேன். கிளம்பும் முன்பே முன்புல்லியின் முகத்தில் நடுவிலிருந்து ஓரம் வரை மார்க்கர் பேனாவால் ஒரு கோடு போட்டிருந்தேன். பெல்ட் போன தூரம் வரை கோடு அழிந்திருக்கும், போகாத இடத்தில் மிச்சமிருக்கும். அவள் பாதி லீவருக்கு மேல் அமுக்கவில்லை என்றாள். ஆனால் கோடு முக்கால்வாசி அழிந்திருந்தது. அர்த்தம் இதுதான்: எஞ்சினுக்கு மூச்சு வருவதற்குள் பெல்ட் உயரே ஏறிவிடுகிறது, அதாவது மேட்டில் தப்பான கியர். பிக்கப் இல்லாமல் வண்டி திணறும். ஓட்டுகிறவர் இன்னும் அமுக்குவார். பெல்ட் புல்லியில் வழுக்கிச் சூடேறும். மூடிக்குள்ளிருந்து கருகிய ரப்பர் வாடை லேசாக வந்தது. பெல்ட்டின் பக்கங்களில் கண்ணாடி மாதிரி மினுமினுப்பு.

ரோலர்களைக் கையில் எடுத்தால் ஒவ்வொன்றிலும் ஒரு பக்கம் தட்டையாகத் தேய்ந்திருந்தது. மணல்தூள் செய்த வேலை. மாற்றத்தான் வேண்டும், மாற்றும்போதே ஒவ்வொன்றுக்கும் ஒன்றரை கிராம் குறைவானதாகப் போட்டேன். ரோலர் லேசானால் புல்லியை நெருக்க எஞ்சின் அதிகம் சுற்ற வேண்டும், ஆகவே பெல்ட் தாழ்ந்தே நிற்கும், இழுவை கூடும். டாப் ஸ்பீடு கொஞ்சம் அடிபடும். இந்தப் பெண்ணுக்கு டாப் ஸ்பீடு எதற்கு? இதில் இன்னொரு லாபமும் உண்டு. விரலைத் தளர்த்தும்போதும் பெல்ட் சீக்கிரம் தாழ்ந்த இடத்துக்குத் திரும்பும், ஷூக்கள் பிடித்திருக்கும் வரை எஞ்சின் கொஞ்சம் கூடுதலாகவே இழுத்துப் பிடிக்கும். லிமிட்டர் ஸ்க்ரூவைப் பாதி திருகி வைத்தாலும் மேடு ஏறும். பழைய ரோலரோடு அந்த ஸ்க்ரூவைத் திருகியிருந்தால் பாதி மேட்டில் மூச்சு முட்டி நின்றிருப்பாள். நின்ற வண்டி பின்னோக்கி உருளும். புதியவருக்கு அதைவிட மோசமான இடம் இல்லை.

கிளட்ச் ஸ்பிரிங்கை நான் தொடவில்லை. கடினமான ஸ்பிரிங் போட்டால் எஞ்சின் நன்றாக ரேஸ் ஆன பிறகுதான் ஷூ பிடிக்கும். கிளம்பும்போது வண்டி எகிறிப் பாயும். இளைஞர்கள் ஆசையாகக் கேட்பது இந்த எகிறலைத்தான். ஆனால் அதே ஸ்பிரிங் விரலைத் தளர்த்தியதும் ஷூவைச் சீக்கிரம் பிடுங்கிவிடும். இறக்கத்தில் வண்டி கையை விட்டுப் போவது இன்னும் முன்னாலேயே நடக்கும். ஷெட்டுக்கு வரும் ஆட்டோமேட்டிக்குகளில் யாரோ கடினமான ஸ்பிரிங் போட்டு விற்ற வண்டியைக் கண்டால், முதலில் கழற்றுவது அதைத்தான்.

பின் அச்சில் டிஃபரென்ஷியல் கிடையாது. இரண்டு சக்கரமும் ஒரே தண்டில் ஒரே வேகத்தில் சுற்றும். அதனால் வெறும் ஹேண்டிலை ஒடித்தால் வண்டி திரும்பாமல் நேரே தள்ளும். உடம்பை உள்பக்கம் சாய்த்து, எடையை வெளிப்பக்க மிதியில் போட்டு, உள்சக்கரத்தை வழுக்கவிட வேண்டும். புதியவர் அதைக் கற்கும்வரை கவிழாமல் தாங்க பின்சக்கரங்களுக்கு ஒன்றரை அங்குல ஸ்பேசர் இருபக்கமும் போட்டேன். பேரிங்குக்கு அது கூடுதல் வேலைதான். பேரிங் விலை எனக்குத் தெரியும், கவலையில்லை. சஸ்பென்ஷன் ஸ்பிரிங்கை இரண்டு படி தளர்த்தினேன். பெரியவர் எடைக்கு இறுக்கியிருந்த வண்டி அவளைப் பந்து போல எறிந்துகொண்டிருந்தது. ஏறி உட்கார்ந்தால் மொத்த அசைவில் மூன்றில் ஒரு பங்கு அமுங்கினால் சரி.

ஏர் ஃபில்டரைப் பற்றி நீட்ட வேண்டாம். இந்த மணல் மாவு மாதிரி நைசானது. ஓட்டிய ஒவ்வொரு நாளும் ஃபோமைக் கழுவி, காயவைத்து, ஃபில்டர் ஆயில் தடவி, முறுக்காமல் அமுக்கிப் பிழிந்து போட வேண்டும். பெட்டியின் விளிம்பில் விரலால் ஒரு வரி கிரீஸ். அதைச் சோம்பேறித்தனமாக விட்டவர்களுக்குப் பிஸ்டன் மாற்றும் செலவில் நான் பங்கு கேட்பதில்லை.

சைலன்சர் மாற்றலாமா என்று கேட்டார் வாப்பா. சத்தம் கூடும், கார்புரேட்டரின் மெயின் ஜெட்டையும் மாற்ற வேண்டியிருக்கும், ஆனால் மகளுக்கு ஒரு பிரயோஜனமும் இல்லை என்று சொல்லித் தவிர்த்தேன். ஜனவரியில் ஸ்க்ரூவைப் பற்றிப் பேச்சு வந்தது. இந்தத் தடவை கேட்டது அவள்.

“அங்கிள், ஸ்க்ரூவ எப்பக் கழட்டுவீங்க?”

சின்ன மேட்டின் உச்சியில் நிறுத்தி, மறுபக்கம் முன் பிரேக்கைத் தொடாமல் இறங்கிக் காட்டச் சொன்னேன். விரல் லீவரை விட்டு முழுக்க எழவில்லை, ஷூ டிரம்மை விடவில்லை. எஞ்சின் சத்தத்தில் அது தெரியும். ஸ்க்ரூவை அன்று பாதி வரை வெளியே எடுத்தேன். மீதிக்கு, வாப்பாவோடு அவள் பெரிய மேட்டில் பழகிய பிறகு வரச் சொல்லியிருக்கிறேன். பதினாறு முடிந்ததும் ஹோண்டாவுக்கு மாறப்போகிறாளாம். நல்ல வண்டி எதுவும் விலைக்கு வந்தால் சொல்லச் சொல்லியிருக்கிறார்கள்.

அதுவரை பெல்ட் மேல் ஒரு கண் இருக்கட்டும். சீசனில் மாதம் ஒருமுறையாவது மூடியைக் கழற்றித் தூசியைக் காற்றடித்து எடுக்க வேண்டும். புல்லி முகத்தை பிரேக் கிளீனர் நனைத்த துணியால் துடைக்கலாம். எண்ணெய்க் கை அதன்மேல் படக்கூடாது. வெர்னியரால் அகலம் பார்த்து, கம்பெனி சொன்ன அளவுக்குக் கீழே போயிருந்தால் யோசிக்காமல் மாற்றிவிட வேண்டும். அளவு மிச்சமிருக்கும்போதே புதியது போட்டால் பழையதைத் தூக்கி எறிய வேண்டாம். ஒரு பையில் சுற்றி சீட்டுக்கு அடியில் டி-ஸ்பேனரோடு வைத்துக்கொண்டால், மணலின் நடுவில் அறுந்த பெல்ட்டை அங்கேயே மாற்றிக்கொண்டு சாலை வரைக்கும் வந்துவிடலாம்.